வானுக்குள் அடுப்பும் படுக்கையும்: தீயைப் பற்றி முதலில் தெரிந்திருக்க வேண்டியவை

வைகாசி பிறந்ததும் கிழக்கிலங்கையின் அறுகம்குடா வீதியில் புதுவிதமான வாகனங்கள் கூடிவிடுகின்றன. இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டில் பொருத்திய டொல்பின் வான்கள், கூரையில் சோலார் பனல் ஏறிய பழைய பஸ்கள், பின்னால் மெத்தை விரித்த முச்சக்கர வண்டிகள். பாசிக்குடாவிலும் கல்லடிக் கரையிலும் இவற்றைக் காணலாம். ஆடி மாதத்தில் உகந்தைக்கும் கதிர்காமத்துக்கும் புறப்படும் குடும்பங்களின் வான்களும் ஏறத்தாழ இதே வகைதான். பின்பக்கம் காஸ் சிலிண்டர், மண்ணெண்ணெய்ப் போத்தல், பாத்திரங்கள், பாய், தலையணை என்று நிறைந்திருக்கும். சுற்றுலா வாகனம் என்றாலும் யாத்திரை வான் என்றாலும், உள்ளேயே சமைத்து உள்ளேயே உறங்குகிறோம் என்பது பொது. இந்த இரண்டும் சேரும்போது தீயின் கணக்கு எப்படி மாறுகிறது என்பதை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

வீட்டில் அடுப்பங்கரை ஓரிடம், படுக்கை வேறிடம். நடுவே சுவர், விறாந்தை, ஜன்னல்கள், முன்வாசல், பின்வாசல். அடுப்பில் தீப்பிடித்தால் அது படுக்கையறையை அடைவதற்குள் எழுந்து ஓடச் சில நிமிடங்களாவது கிடைக்கும். ஒரு சாதாரண வானின் உட்புறம் ஏறத்தாழ ஆறு கன மீற்றர்தான். அதற்குள் அடுப்பு, சிலிண்டர், பற்றரி, திரைச்சீலை, பஞ்சு மெத்தை, ஒட்டுப்பலகை அலுமாரி, தூங்கும் மனிதர்கள். காலடியில் எரிபொருள் தாங்கி. கூரை கைக்கெட்டும் உயரத்தில் இருப்பதால் சூடான புகை மேலே போய்ச் சேர இடமில்லை. அது கூரையடியில் தேங்கி, கீழே உள்ள பொருட்களையெல்லாம் ஒருசேரச் சூடாக்குகிறது. ஒரு கட்டத்தில் தீ ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதில்லை. உள்ளே இருக்கும் அனைத்தும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பற்றிக்கொள்கின்றன. அந்தக் கட்டத்துக்குப் பிறகு உள்ளிருப்பவர் உயிர் தப்புவது மிக அரிது.

அதற்கு முன்பே புகை தன் வேலையைத் தொடங்கிவிடும். மெத்தையிலும் இருக்கையிலும் உள்ள செயற்கைப் பஞ்சு எரியும்போது காபன் மொனொக்சைட்டும் ஐதரசன் சயனைட்டும் வெளிவருகின்றன. சில மூச்சுகளிலேயே மனிதர் தடுமாறத் தொடங்குவார். ஆகவே, வாகனத் தீயில் உங்களிடம் உள்ள ஒரே செல்வம் நேரம். தீயணைப்புக் கருவியையும் எச்சரிக்கை மணியையும் விட முதலில் பார்க்க வேண்டியது கதவு என்று நான் சொல்வது இதனால்தான்.

கதவுக்கும் படுக்கைக்கும் நடுவே என்ன இருக்கிறது?

வானை மாற்றியமைப்பவர்கள் அடுப்பைப் பெரும்பாலும் பக்கவாட்டுச் சறுக்குக் கதவின் ஓரத்தில் பொருத்துகிறார்கள். காரணம் நியாயமானதே: சமைக்கும்போது கதவைத் திறந்து வைக்கலாம், ஆவியும் மணமும் வெளியே போகும். கட்டில் பின்பக்கம் போகிறது. இப்போது இரவில் அடுப்புப் பக்கம் தீ எழுந்தால், படுத்திருப்பவருக்கும் ஒரே கதவுக்கும் நடுவே நிற்பது அந்தத் தீதான். அழகாகத் திட்டமிட்ட வான்களில்கூட இந்தக் குறை இருக்கிறது. பார்ப்பவர் கண்ணுக்கு அது குறையாகவே தெரியாது.

தீர்வு இரண்டாவது வழி. பின்கதவை உள்ளிருந்து திறக்க முடிகிறதா என்று இன்றே பாருங்கள். பல வான்களில் உட்புறக் கைப்பிடி இல்லை. நல்ல கராஜில் சொல்லிப் பொருத்திக்கொள்ளலாம். முன் இருக்கைகளுக்குப் போகும் இடைவெளியைப் பலகையால் அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். ஜன்னலே இரண்டாவது வழி என்றால், வாகனத்தில் உறங்குபவர்களில் பருமனானவர் அதில் நுழைய முடிய வேண்டும். நுளம்பு வலையை ஆணி அடித்து இறுக்காமல், இழுத்தால் கழன்று வரும்படி ஒட்டுப்பட்டியால் பொருத்துங்கள்.

நமது பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. லாகுகல, பாணம, உகந்தைப் பக்கம் யானைப் பயத்தில் எல்லாக் கதவுகளையும் பூட்டித் திறப்பைப் பைக்குள் வைத்துவிட்டுப் படுப்பவர்கள் இருக்கிறார்கள். பயம் பொய்யல்ல. ஆனாலும் உள்ளிருந்து திறப்பில்லாமல், இருட்டில், ஒரே கையால் திறக்கக்கூடிய பூட்டே வேண்டும். யானை வரும் தடத்தில் வாகனத்தை நிறுத்தாமல் இருப்பதுதான் யானைக்கான பாதுகாப்பு. நிறுத்தும்போது பின்கதவை மரத்திலோ மதிலிலோ முட்டவும் விடாதீர்கள். பிள்ளைகளும் அம்மம்மாவும் கூட வருகிறார்கள் என்றால், முதல் இரவே விளக்கை அணைத்துவிட்டு, ஒவ்வொருவரும் தாமே கதவைத் திறந்து இறங்கிப் பார்க்கட்டும். அரைமணி நேரம்கூட ஆகாது.

காஸ்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க உங்களுக்கு நேரமிருக்குமானால், இதைப் படியுங்கள்.

சமையல் காஸ் என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. இரண்டும் காற்றை விடப் பாரமானவை; புரொப்பேன் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்த காஸ் தண்ணீரைப் போலப் பள்ளம் தேடிப் போகும். கட்டிலின் அடிப்பெட்டி, பாய்க்குக் கீழுள்ள தட்டு, படிக்கட்டுக் குழி ஆகியவற்றில் தேங்கி நிற்கும். மேல் ஜன்னலைத் திறந்து வைத்தால் காஸ் போய்விடும் என்று நினைப்பது ஆபத்தான நம்பிக்கை; அது தரையில் இருக்கிறது.

எவ்வளவு கசிந்தால் ஆபத்து? காற்றில் ஏறத்தாழ 2 சதவீதம் காஸ் கலந்தாலே பற்றிக்கொள்ளும். ஆறு கன மீற்றர் வானில் 2 சதவீதம் என்றால் 120 லீற்றர் வாயு. நிறையில் அது சுமார் கால் கிலோகிராம்தான். கடையில் வாங்கும் மிகச் சிறிய 2.3 கிலோ சிலிண்டரில் அதைப் போல எட்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. அதிலும் காஸ் வான் முழுவதும் சமமாகப் பரவக் காத்திருப்பதில்லை. தரையோடு படிந்த மெல்லிய படலமாகவே அது தீப்பொறியைச் சந்தித்துவிடும். அந்தப் பொறி குளிர்சாதனப் பெட்டியின் மோட்டாரிலிருந்தும் வரலாம், விளக்கின் ஆளியிலிருந்தும் வரலாம்.

காஸில் கலக்கும் கெட்ட வாடை நமக்கு எச்சரிக்கை தருவதற்காகவே சேர்க்கப்படுவது. ஆனால் விழித்திருக்கும் மூக்குக்குத்தான் அது உதவும். உறங்கும் மனிதரை வாடை எழுப்பும் என்று நம்பியிருக்க முடியாது. விழித்திருப்பவருக்கும் சிறிது நேரத்தில் மூக்குப் பழகிவிடும்.

2021 ஆம் ஆண்டின் இறுதி வாரங்களில் நாட்டின் பல பகுதிகளில் அடுப்புகளும் குழாய்களும் வெடித்த செய்திகள் பலருக்கும் நினைவிருக்கும். சிலிண்டரில் உள்ள கலவையின் விகிதம் மாறியது பற்றி அப்போது நிறையப் பேசப்பட்டது. அதில் நமக்கான பாடம் இணைப்புகளில் இருக்கிறது. புரொப்பேன் கூடினால் சிலிண்டரின் அழுத்தம் கூடும். பழைய ரெகுலேட்டரும் வெடிப்பு விழுந்த இறப்பர்க் குழாயும் கசியும் வாய்ப்பும் கூடும். வீட்டில் அசையாமல் இருக்கும் இணைப்புக்கே அந்த நிலை என்றால், பாணம வீதியில் குலுங்கிக் குலுங்கிப் போகும் வானின் இணைப்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும், சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் சவர்க்கார நுரையை இணைப்புகளில் தடவிப் பாருங்கள். குமிழி எழுந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திச் சோதிக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைக் கைவிடுங்கள். குழாயை வளைத்துப் பார்க்கும்போது வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். வாகனம் ஓடும்போது சிலிண்டர் எப்போதும் மூடியிருக்க வேண்டும். அடுப்பை மட்டும் அணைத்துவிட்டுப் புறப்படுவது போதாது.

சிலிண்டரைப் படுக்க வைத்துக் கொண்டுபோவதும் நம் யாத்திரை வான்களில் சாதாரணமாக நடக்கிறது, இருக்கைக்குக் கீழே அப்படித்தான் நுழையும் என்பதால். சிலிண்டருக்குள் கீழே திரவமும் மேலே வாயுவும் இருக்கின்றன. நிமிர்ந்து நிற்கும்போது வால்வில் இருப்பது வாயு. சரித்தால் திரவமே வால்வுக்கு வந்துவிடும். அந்தத் திரவம் வெளியேறினால் ஏறத்தாழ 250 மடங்கு பருமனுள்ள வாயுவாக விரியும். நிமிர்த்தி, பட்டியால் இறுக்கிக் கட்டி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வானை நிரந்தரமாக மாற்றியமைப்பவர்கள் சிலிண்டருக்குத் தனிப் பெட்டி செய்ய வேண்டும். வாகனத்தின் உட்புறத்தோடு அதற்குத் தொடர்பே இருக்கக்கூடாது. மூடி வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். பெட்டியின் அடியில் துளை இருக்க வேண்டும், கசிந்த காஸ் நேரே நிலத்துக்குப் போகும்படி. அந்தத் துளை புகைக்குழாய்க்கு மேல் வந்துவிடாமல் பார்ப்பதும் முக்கியம். உலகில் கரவன் வண்டி, அதாவது வீடு போலத் தங்கிப் பயணிக்கும் வண்டி, கட்டும் தேர்ந்த நிறுவனங்கள் பின்பற்றும் முறை இதுதான், நம் ஊர்த் தச்சரும் இரும்பு ஒட்டுவேலை செய்பவரும் செய்யக்கூடிய வேலையும்கூட.

பெட்டி கட்ட வசதியில்லாதவர்கள் சிலிண்டரையும் அடுப்பையும் வெளியே இறக்கிச் சமைப்பது நல்லது. நமது கிழக்கில் வருடத்தின் பெரும்பகுதி வெளியே சமைக்கக்கூடிய காலநிலைதானே. சிறு டின் காஸ் போட்டு எரிக்கும் கையடக்க அடுப்பு வைத்திருப்பவர்கள், அடுப்பை விட அகலமான சட்டியை அதன் மேல் ஏற்ற வேண்டாம். சட்டியின் வெக்கை பக்கத்தில் உள்ள டின்னைச் சுட்டு வெடிக்கச் செய்யும். மாற்று டின்களை வெயிலில் நிற்கும் வானின் முன்தட்டில் விட்டுவிட்டுக் கடலில் இறங்குவதும் அதே ஆபத்து. மூடிய வாகனத்தின் உள்வெப்பம் ஆவணி வெயிலில் 50 பாகை செல்சியஸைத் தாண்டிவிடும்.

காஸ் வாடை வந்தால் என்ன செய்வது? எந்த ஆளியையும் தொடாதீர்கள். எரியும் விளக்கை அணைப்பதும் பொறியை உண்டாக்கும். எஞ்சினை இயக்கி வண்டியை நகர்த்தப் பார்க்காதீர்கள். எல்லோரையும் இறக்கி, கதவுகளை அகலத் திறந்து, கைக்கு எட்டினால் சிலிண்டரை மூடிவிட்டு விலகி நில்லுங்கள். கைபேசியையும் தள்ளிப் போய்த்தான் எடுக்க வேண்டும்.

பன்னிரண்டு வோல்ட் மின்சாரம்

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். தொட்டால் உயிருக்கு ஆபத்து என்று எல்லோரும் அஞ்சுகிறோம். வானின் பற்றரி 12 வோல்ட்தான், தொட்டாலும் ஒன்றும் செய்யாது என்பதால் அலட்சியம் வந்துவிடுகிறது. உண்மையில் தீக்குக் காரணம் வோல்ட்டை விட அம்பியர், அதாவது வயரில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு. 1000 வாட் சோறு சமைக்கும் குக்கர் வீட்டில் 4 அம்பியருக்குச் சற்று மேல் எடுக்கும். அதே குக்கரை இன்வேர்ட்டர் (பற்றரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவி) வழியாக 12 வோல்ட் பற்றரியில் ஓட்டினால், பற்றரியிலிருந்து போகும் வயரில் 85 அம்பியருக்கு மேல் ஓடும். வயரில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது. ஆகவே ஒரே தடிப்புள்ள வயர் என்றால், வெப்பம் ஏறத்தாழ 370 மடங்கு. வீட்டு வேலையில் மிஞ்சிய வயரை எடுத்து வானில் போடுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

பியூஸ் இருக்கிறதே என்பார்கள். பியூஸ் காப்பாற்றுவது வயரை. வயர் சூடேறி எரியும் முன் பியூஸ் அற வேண்டுமானால், வயர் பியூஸின் அளவை விட அதிக அம்பியரைத் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். பற்றரியின் நேர் முனைக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு அருகில் பியூஸ் இருக்க வேண்டும், ஏனென்றால் பற்றரிக்கும் பியூஸுக்கும் இடைப்பட்ட துண்டுக்குப் பாதுகாப்பே கிடையாது. பியூஸ் அடிக்கடி போகிறதென்று பெரியதைப் போடுவதும், அதன் இடத்தில் கம்பியைச் சுற்றுவதும் தீயை அழைத்து உட்கார வைப்பது.

வாகனம் அதிரும். தகரத் துளை வழியே போகும் வயரின் மேலுறையை அந்த அதிர்வு மெல்ல அறுக்கும்; துளைக்கு இறப்பர் வளையம் போட மறக்காதீர்கள். கடலோரத்தில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. பற்றரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பது வெறும் அழுக்கல்ல, அந்த இடத்தில் தடை கூடி வெப்பம் பிறக்கும். குக்கர் ஓடி முடிந்த பின் இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள்; சுட்டால் அங்கே கோளாறு.

பற்றரியைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். சாதாரண ஈய அமிலப் பற்றரி சார்ஜ் ஏறும்போது ஐதரசனை விடும். கட்டிலுக்கு அடியில் அடைத்து வைக்கக்கூடாது. லித்தியம் வகைகளில் இரும்புப் பொஸ்பேற்று வகை மற்றவற்றை விட வெப்பத்தைத் தாங்கக்கூடியது, வானுக்கு அதுவே பொருத்தம். பழைய மடிக்கணினி, மின்சார ஸ்கூட்டர் கலங்களைக் கழற்றி ஒட்டிச் செய்த மலிவுப் பற்றரிகளை உறங்கும் இடத்துக்குள் கொண்டுவர வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். லித்தியம் கலம் ஒன்று சூடேறி எரியத் தொடங்கினால் பக்கத்துக் கலங்களையும் இழுத்துக்கொள்ளும், நச்சுப் புகை விடும், அணைந்தது போலத் தோன்றி மீண்டும் எரியும்.

மற்றவை

வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய கரவன் வண்டிகளில் காஸ் சுடரால் இயங்கும் குளிர்சாதனப் பெட்டி இருக்கலாம். 2006 இல் அமெரிக்காவில் டொமெட்டிக் நிறுவனம் இவ்வகைப் பெட்டிகளில் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்டவற்றைத் தீ அபாயம் காரணமாகத் திருத்தத்துக்கு அழைத்தது. அப்படியான பெட்டி இருந்தால், எரிபொருள் நிலையத்துக்குள் நுழையும் முன் அதன் சுடரை அணைத்தே ஆக வேண்டும். நம் ஊர் வான்களில் இருப்பவை பெரும்பாலும் 12 வோல்ட் பெட்டிகள்.

2022 இன் தட்டுப்பாட்டில் கான்களில் பெற்றோல் சேர்த்து வைக்கும் பழக்கம் பலருக்கு வந்தது. வானுக்குள் அது வேண்டவே வேண்டாம். உறைபனிக் குளிரிலும் பெற்றோல் பற்றக்கூடிய ஆவியை விடும். நம் வெப்பத்தில் சொல்லவே வேண்டாம்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் புல் காய்ந்து கிடக்கும். ஓடி வந்த வாகனத்தின் புகைக்குழாய் மிகச் சூடாக இருக்கும். காய்ந்த புல்லின் மேல் நிறுத்தினால் அடியிலிருந்தே தீப்பிடிக்கும். மணலிலோ வெறும் தரையிலோ நிறுத்துங்கள். கடற்கரையில் நெருப்பு மூட்டுவதானால், கச்சான் நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் நெருப்பு கடல் பக்கமும் வாகனம் நிலப் பக்கமும் இருக்கட்டும். இரவில் காற்று திரும்பும் என்பதால் உறங்கும் முன் தண்ணீர் ஊற்றி அணையுங்கள். கண்டியிலிருந்து மகியங்கனைக்குப் போகும் மலைப்பாதையின் பதினெட்டு வளைவில் இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் சிறிய கியரில் இறங்குங்கள். பாரம் ஏற்றிய வானின் பிரேக் அங்கே புகையும்.

நுளம்புச் சுருளை வானுக்குள் கொளுத்தி வைப்பவர்கள் அதிகம். டெங்குப் பயம் நியாயமானது, ஆனால் நைலோன் திரையும் பஞ்சு மெத்தையும் கைநீட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஜன்னல்களுக்கு வலை போடுவதே மேல். நுளம்பு மருந்துத் தகரங்களில் பலவற்றில் பீய்ச்சும் வாயுவாக இருப்பதும் புரொப்பேன், பியூட்டேன் வகைதான். கதவை மூடி நன்றாக அடித்துவிட்டு உடனே அடுப்பைப் பற்ற வைத்தால் விளைவை ஊகித்துக்கொள்ளுங்கள். யாத்திரை வான்களில் சுவாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றுவதை, கீழே இறங்கி நிலத்தில் ஏற்றினால் பக்தியில் எதுவும் குறையாது.

மழை இரவில் கரிச்சட்டியை உள்ளே எடுப்பதும், எஞ்சினை ஓடவிட்டுக் குளிரூட்டியில் உறங்குவதும், ஜெனரேட்டரை ஜன்னலடியில் வைப்பதும் தீயில்லாமலே கொல்லும். இவை விடும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

மணியும் கருவியும்

மூன்று எச்சரிக்கை மணிகள் வேண்டும், மூன்றுக்கும் இடம் வேறு. புகை மணி கூரையில். காஸ் மணி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், காரணம் மேலே சொன்னதுதான். காபன் மொனொக்சைட் மணி படுத்திருப்பவரின் தலை மட்டத்தில்.

தீயணைப்புக் கருவிக்கு உலர்தூள் வகை பொதுவாக ஏற்றது. ஒரு கிலோ கருவி பத்து விநாடிக்குள் தீர்ந்துவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். அது அடுப்பில் சிறிதாக எழும் தீக்கு, அல்லது வழியை மறிக்கும் தீயைக் கணநேரம் அடக்கி வெளியேறுவதற்கு. அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் தேவைப்படும் நேரத்தில் கை எட்டாது. கதவோரத்தில், வெளியே நின்றும் எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். ஓடும் வாகனத்தில் தூள் அடியில் இறுகிப் போகும், மாதம் ஒருமுறை தலைகீழாக்கிக் குலுக்குங்கள். பொரிக்கும் எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. காஸை மூடி, பொருந்தும் மூடியால் சட்டியை மூடி, ஆறும்வரை திறக்காதீர்கள்.

தீ பிடித்துவிட்டால்

ஓடும்போது புகை கண்டால் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எல்லோரையும் இறக்கிக் காற்று வரும் பக்கமாக விலக்குங்கள். எஞ்சின் மூடியை அகலத் திறந்தால் காற்றுப் புகுந்து தீ எழும்பும். சிறு இடைவெளியில் கருவியை அடியுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். சிலிண்டரைத் தீ நெருங்கிவிட்டால் கருவியைப் போட்டுவிட்டு ஓடுவதே சரி. கடவுச்சீட்டுக்கும் கைபேசிக்கும் உள்ளே திரும்ப வேண்டாம்.

தீயணைப்புப் படைக்கு 110, பொலிசுக்கு 119, அம்புலன்சுக்கு 1990. மட்டக்களப்பு, கல்முனை போன்ற மாநகரங்களில் தீயணைப்பு வாகனம் உண்டு. ஆனால் மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் நூறு கிலோமீற்றருக்கு மேல். பாணமயும் உகந்தையும் அதற்கும் அப்பால். நீங்கள் நிற்கும் இடத்தின் பெயரையும் அருகிலுள்ள கிலோமீற்றர்க் கல்லையும் நிறுத்தியதுமே பார்த்து வைத்தால், அழைக்கும்போது தடுமாற வேண்டியிராது. எரிகாயத்துக்குப் பற்பசையோ தேங்காய் எண்ணெயோ பூசாதீர்கள். குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடங்கள் அதன் மேல் ஓடவிட்டு, சுத்தமான துணியால் தளர்வாக மூடி, வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். இதற்காகவே குடிநீரைத் தவிர ஒரு பெரிய கான் தண்ணீரை வானின் முன்பக்கத்தில், தீ எழக்கூடிய இடங்களுக்கு எட்டத்தில், வைத்திருப்பது நல்லது.